முடவாட்டுக்கால்: இது கிழங்குதானா? இந்தப் பெயர் எப்படி வந்தது?

மழைக்குருவி
அனைவருக்கும் வணக்கம். போன வாரம் கொல்லிமலைக்குப் போயிருந்தோம். ஆகாய கங்கைக்கு இறங்கும் படிகளில் பாதி தூரத்தில் மூச்சு வாங்க உட்கார்ந்தபோது, பக்கத்துப் பாறை மேல் ஒரு செடியைப் பார்த்தேன். அதில் இரண்டு விதமான இலைகள் இருந்தன. ஒன்று நல்ல பச்சை, கை நீளம் இருக்கும், ஓரம் நடுநரம்பு வரைக்கும் ஆழமாகப் பிளந்தது. இன்னொன்று உள்ளங்கை அகலத்தில் காய்ந்த சருகு நிறம். மேலேயிருந்து விழுந்த சருகு சிக்கிக்கொண்டிருக்கிறது என்று நினைத்து ஒன்றைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. அது அந்தச் செடியின் சொந்த இலை. அடியில் கட்டைவிரல் தடிமனில் பழுப்பு முடி போர்த்திய தண்டு ஒன்று பாறையைக் கவ்விக்கொண்டு ஊர்ந்திருந்தது. படம் போட்டிருக்கிறேன்.

மேலே கடைப் பக்கம் வந்தால் அதே முடிபோர்த்த தண்டைக் குவித்து வைத்து விற்கிறார்கள். ஒருவர் "முடவாட்டுக்கால் கிழங்கு" என்றார். அடுத்த கடை அட்டையில் "முடவன் ஆட்டுக்கால்" என்று எழுதியிருந்தது. என் அம்மாச்சி வெறுமனே "ஆட்டுக்கால் கிழங்கு" என்பார். மூன்றும் ஒன்றுதானா? மண்ணே இல்லாத பாறையில் கிழங்கு எப்படி வரும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அடுப்படி
மூன்றும் ஒன்றுதான். எங்கள் வீட்டில் அடிக்கடி சூப் வைப்போம். முடியைக் கத்தியால் நன்றாகச் சுரண்டி, கழுவி, நறுக்கி, மிளகு, சீரகம், பூண்டோடு தட்டிப் போட்டுக் கொதிக்க வைக்க வேண்டும். உள்ளே வெளிர்பச்சையாக இருக்கும். ஆட்டுக்கால் சூப் மணம் கொஞ்சம் வரும், அதனால்தான் அந்தப் பெயர் என்று நினைக்கிறேன். மூட்டு வலிக்கு நல்லது என்பார்கள்.

பாறைப்பாசி
மழைக்குருவி, அந்தச் சருகை இழுத்துப் பார்த்தீர்கள் பாருங்கள், செடியின் கதை அங்கேதான் தொடங்குகிறது. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். கல்லூரியில் தாவரவியல் நடத்துகிற எனக்கு இந்தச் செடி மேல் தனிப் பாசம்.

இது பெரணி. பூக்காது, காய்க்காது, விதை கிடையாது. அறிவியல் பெயர் ட்ரைனேரியா குவெர்சிஃபோலியா. 1753இல் லின்னேயஸ் இதைப் பாலிபோடியம் பேரினத்தில் வைத்தார், பிறகு ட்ரைனேரியாவுக்கு மாறியது, இப்போது சிலர் அக்லாமார்ஃபாவில் சேர்க்கிறார்கள். நீங்கள் கண்ட தண்டு கிழங்கு இல்லை. இஞ்சியைப் போல மட்டநிலத்தண்டு. ஆனால் இஞ்சி மண்ணுக்குள் கிடக்கும், இது பாறை மேலும் மரத்தின் மேலும் வெளியிலேயே ஊர்ந்து போகும். முடி மாதிரித் தெரிவது நெருக்கமாக அடுக்கிய பழுப்புச் செதில்கள். ஒரு லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் அடி அகன்று நுனி மெலிந்து ஈட்டி முனை போல இருக்கும்.

அந்தப் பழுப்பு இலைகளைப் பற்றி. அவை முளைக்கும்போது பச்சைதான். சீக்கிரமே பச்சையம் போய்க் காகிதம் மாதிரி விறைத்துவிடும். செத்த பிறகும் உதிராது. தண்டை ஒட்டி, மேல் பக்கம் திறந்த கூடை போல நிற்கும். மேலே மரத்திலிருந்து விழும் சருகு, தூசி, பறவை எச்சம், மழைத்தண்ணீர் எல்லாம் அந்தக் கூடைக்குள் விழுந்து மக்கும். செடியின் வேர் அந்த மக்குக்குள் போய் உணவு எடுக்கும். மண் இல்லாத இடத்தில் தனக்கு வேண்டிய மண்ணைத் தானே சேர்த்துக்கொள்கிற செடி இது. விதைக்குப் பதிலாகப் பெரணி பரவுவது வித்துத்துகளால், அது பச்சை இலைகளின் அடியில் மட்டும்தான் உண்டாகும்.

கோடையில் இன்னொன்று நடக்கும். பச்சை இலையின் மடல்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்து, நடுநரம்பு மட்டும் குச்சியாக நிற்கும். செத்துவிட்டது என்று நினைப்போம். மழை வந்ததும் தண்டின் நுனியிலிருந்து சுருண்ட தளிர் எழும்பும்.

நன்னூல் வாசகி
அடுப்படி அக்கா, மணத்தால் பெயர் வந்தது என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். படத்தைப் பாருங்கள். வளைந்து, கணுக்கணுவாக, மயிரோடு இருக்கிற அந்தத் தண்டு அப்படியே ஆட்டின் கால்தான். உருவத்தால் வந்த பெயர்.

என் கேள்வி "முட" என்பதைப் பற்றியது. எல்லாரும் "முடவனையும் எழுந்து நடக்க வைக்கும், அதனால் முடவாட்டுக்கால்" என்கிறார்கள். புணர்ச்சி அப்படி வராது. முடவன் + ஆட்டுக்கால் என்றால் "முடவனாட்டுக்கால்" ஆகியிருக்க வேண்டும். "முடவாட்டுக்கால்" வர வேண்டுமென்றால் முன்னால் நிற்கும் சொல் "முடம்". மரம் + அடி "மரவடி" ஆவது போல, முடம் + ஆடு சேரும்போது மகரம் கெட்டு, வகரம் உடம்படுமெய்யாக வந்து "முடவாடு" ஆகும்.

முடம் என்றால் கால் ஊனம் மட்டும் இல்லை. வளைவு, கோணல் என்ற பொருளும் அதற்கு உண்டு. நன்னூலில் ஆசிரியர் ஆகத் தகாதவருக்குச் சொன்ன நான்கு உவமைகளில் ஒன்று முடத்தெங்கு. அந்தத் தென்னைக்கு நோய் ஒன்றும் இல்லை. அது வளைந்து போய், தண்ணீர் ஊற்றியவர் தோட்டத்தை விட்டு அடுத்தவர் தோட்டத்தில் காயைப் போடும். அவ்வளவுதான். அப்படிப் பார்த்தால் முடவாட்டுக்கால் என்பது "வளைந்த ஆட்டுக்கால்". பாறையில் ஊர்ந்து வளைந்த தண்டைப் பார்த்தவர் வைத்த அழகான, நேரான பெயர். முடவன் பிறகு வந்து சேர்ந்தவன் என்பது என் கருத்து.

அடுப்படி
இலக்கணம் எனக்கு அவ்வளவு தெரியாது தங்கச்சி. ஆனால் எங்கள் பக்கம் "முடவனாட்டுக்கால்" என்று முழுசாகச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். கடை அட்டையிலும் அப்படித்தானே எழுதியிருக்கிறது.

நன்னூல் வாசகி
ஆமாம் அக்கா, மறுக்கவில்லை. ஒரு பெயருக்குப் பொருள் புரியாமல் போனால் மக்கள் புரிகிற சொல்லாக அதைத் திருத்திக்கொள்வார்கள். "முட" என்றால் வளைவு என்பது பேச்சில் மறைந்துவிட்டது, முடவன் மட்டும் மிஞ்சினான். அதனால் அட்டையில் முடவன் ஏறிவிட்டான் என்று நினைக்கிறேன்.

சோளக்காட்டுக்காரன்
நான் இந்த மலையிலேயே பிறந்தவன். இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இப்போது எழுதத் தோன்றுகிறது.

அம்மா, உங்கள் இலக்கணம் சரியாகவே இருக்கட்டும். ஆனால் முடவன் பிறகு வந்தான் என்று அவ்வளவு எளிதாகச் சொல்லாதீர்கள். என் பாட்டி இதை இடித்துக் கொடுக்கும்போது, கால் வீங்கிப் படுத்திருந்த தாத்தாவுக்காகத்தான் இடித்தார். ருசிக்காகச் சாப்பிட்ட பண்டம் இல்லை அது. மருந்தாகத் தெரிந்த பிறகுதான் பெயர் நிலைத்தது என்றுதான் நான் நினைக்கிறேன். எந்தச் செடிக்கும் எங்கள் ஆட்கள் உருவத்தை மட்டும் பார்த்துப் பெயர் வைத்து விட்டுவிட மாட்டார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாட்டி காலத்தில் இதை எடுக்கப் போனால் ஒரு மரத்தில் ஒரு துண்டுதான் எடுப்பார்கள். நுனியைத் தொட மாட்டார்கள். நடுவில் கத்தி போட்டு, பழைய பக்கத்தை மட்டும் எடுப்பார்கள். நுனியில் பிள்ளை இருக்கிறது என்பார் பாட்டி. இப்போது தினமும் மூட்டை கட்டுகிறார்கள். நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த பலாமரத்தின் கவட்டையில் இது பெரிய கூடையாக இருந்தது. அந்த மரம் இருக்கிறது. கூடை இல்லை. ரோட்டோரப் பாறைகளில் கைக்கு எட்டும் உயரத்தில் பார்ப்பது அரிதாகிவிட்டது. மழைக்குருவி படியோரம் பார்த்தேன் என்றதும் எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. தயவு செய்து எந்தத் திருப்பம், எந்தப் பாறை என்று இங்கே எழுத வேண்டாம்.

மழைக்குருவி
எழுத மாட்டேன் அண்ணா. படத்தில் இடம் தெரிகிற பகுதியையும் வெட்டிவிட்டேன்.

பாறைப்பாசி
சோளக்காட்டுக்காரன் அண்ணன் சொன்ன "நுனியில் பிள்ளை" என்பதை என் மாணவர்களிடம் அப்படியே சொல்லப் போகிறேன். இந்தத் தண்டு வளர்வது நுனியில்தான். நுனி போனால் பின்னால் பக்கமொட்டு இருக்கிற துண்டு பிழைக்கலாம், இல்லாவிட்டால் அந்தக் கூட்டமே காய்ந்துவிடும். வித்துத்துகளிலிருந்து புதுச் செடி வருவது நீண்ட பாதை. ஈரமான இடத்தில் துகள் விழுந்து, நகக்கண் அளவுகூட இல்லாத இதய வடிவப் பச்சைத் தகடாக வளர வேண்டும். அந்தத் தகட்டில் தண்ணீர்ப் படலம் நிற்கும்போதுதான் ஆண் அணு நீந்திப் போய்ச் சேர முடியும். அப்புறம்தான் முதல் குட்டி இலை. பாட்டிகள் இதையெல்லாம் நுண்ணோக்கியில் பார்க்கவில்லை, ஆனாலும் கத்தி எங்கே போட வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஒன்றைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன். உலக அளவில் இது அரிய இனம் இல்லை. இந்தியா, இலங்கை தொடங்கித் தென்கிழக்கு ஆசியா வழியாக ஆஸ்திரேலியாவின் வடபகுதி வரை இருக்கிறது. அதைக் காட்டித்தான் "எங்கும் கிடைக்கிறதே" என்று சிலர் வாதிடுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் இருப்பதால் கொல்லிமலைப் பலாமரத்தில் இருந்தது திரும்பி வந்துவிடாது. ஒரு மலையில் அரிதாவதும் அரிதாவதுதான்.

பெயர்ச் சண்டைக்கு நானும் ஒரு சாட்சி கொண்டுவருகிறேன், அது இரண்டு பக்கமும் பேசும். சீன மருத்துவத்தில் இதே பேரினத்தின் இன்னொரு இனத்தின் தண்டை எலும்பு முறிவுக்குப் பயன்படுத்துகிறார்கள். அதன் பெயர் கு சுய் பு. உடைந்த எலும்பைச் சேர்ப்பது என்று பொருள். இங்கேயும் அங்கேயும் எலும்பு, கால், மூட்டு. அண்ணன் சொல்வதற்கு இது துணை. ஆனால் உருவத்தைப் பார்த்து மருந்து என்று முடிவு செய்வதும் உலகம் முழுக்க நடந்த ஒன்று. கால் போல இருந்தால் காலுக்கு நல்லது என்று நினைத்திருப்பார்கள். அப்படிப் பார்த்தால் நன்னூல் வாசகி சொல்வதற்கும் இடம் இருக்கிறது.

மாடித்தோட்டம்
லத்தீன் பெயருக்கும் பொருள் சொல்லுங்களேன் ஐயா.

பாறைப்பாசி
குவெர்சிஃபோலியா என்றால் கருவாலி மர இலை போன்றது, அதாவது ஐரோப்பாவின் ஓக் மரம். ட்ரைனேரியா என்பதற்குள்ளும் அதே மரத்தின் கிரேக்கப் பெயர் இருக்கிறது. ஆக ஒரே பெயரில் இரண்டு தடவை ஓக். அந்தப் பழுப்புக் கூடை இலையின் அலையலையான ஓரத்தைப் பார்த்தவர்களுக்கு தங்கள் ஊர் மரம் ஞாபகம் வந்திருக்கிறது. நம்மவர்களுக்குத் தண்டைப் பார்த்ததும் ஆடு ஞாபகம் வந்திருக்கிறது.

தண்டைப் பார்த்து ஆட்டை நினைத்தவர்கள் நாம் மட்டும் இல்லை. சீனாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் வளரும் சிபோட்டியம் பாரோமெட்ஸ் என்று ஒரு பெரிய பெரணி உண்டு. அதன் தண்டு முழுக்கப் பொன்னிற ரோமம். ஐரோப்பாவில் வெகுகாலம் "செடியில் காய்க்கும் ஆட்டுக்குட்டி" என்று ஒரு கதை உலவியது. தொப்புள்கொடியால் செடியோடு கட்டப்பட்டு, சுற்றிலும் உள்ள புல்லை மேயும் குட்டி என்று நம்பினார்கள். 1698இல் ஹான்ஸ் ஸ்லோன், சீனாவிலிருந்து வந்த அப்படியொரு "ஆட்டுக்குட்டி"யை லண்டன் ராயல் சொசைட்டியில் வைத்து, இது பெரணியின் தண்டு, காலாகத் தெரிவது வெட்டிய இலைக்காம்பு என்று காட்டினார். பாரோமெட்ஸ் என்ற பெயரே அந்த ஆட்டுக்குட்டிக் கதையிலிருந்து வந்தது. சீனாவில் அதே தண்டை நாயின் முதுகெலும்பு என்ற பெயரில் மருந்தாக விற்றார்கள். காட்டிலிருந்து அள்ளி அள்ளி, இன்று அது காட்டுத் தாவர, விலங்கு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. நாடு விட்டு நாடு விற்க அனுமதி வேண்டும். நம் முடவாட்டுக்காலுக்கு அப்படி ஒரு காவல் இல்லை.

வன்னிக்காடு
நான் இலங்கையிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் பெரணி என்பதை நாங்கள் பள்ளியில் பன்னம் என்றுதான் படித்தோம். பெரணி என்ற சொல்லை உங்கள் இழையில்தான் முதலில் பார்க்கிறேன்.

நன்னூல் வாசகி
வன்னிக்காடு, இது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. மலையாளத்தில் பெரணிக்குப் பன்னல், நம் செடிக்கு மரப்பன்னக்கிழங்கு என்ற பெயரும் உண்டு. 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வந்த, மலபார்ச் செடிகளைப் பற்றிய ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ் என்ற லத்தீன் நூலில் பெரணிகளின் பெயர்களில் "பன்ன" என்று வருகிறது, பன்னவல்லி ஒன்று. ஆக, ஈழத்திலும் கேரளத்திலும் ஒரே வேர்ச்சொல் உயிரோடு இருக்கிறது. "மரப்பன்னம்" என்று கேட்டதுமே இது மரத்தில் வளரும் பெரணி என்று புரிந்துவிடும். நம் பெயரில் அது இல்லை. ஆட்டுக்கால் என்று கேட்கும்போது சட்டி ஞாபகம் வருகிறது, கிழங்கு என்று கேட்கும்போது மறுபடி நட்டால் வரும் என்று தோன்றுகிறது. அதைத் தின்பவர்களில் எத்தனை பேர் அதன் இலையைப் பார்த்திருப்பார்கள்?

அடுப்படி
நான் பார்த்ததில்லை. இத்தனை வருடம் சமைத்திருக்கிறேன், இன்றைக்குத்தான் மழைக்குருவி போட்ட படத்தில் அதன் இலையைப் பார்க்கிறேன். மனது கஷ்டமாக இருக்கிறது. கடையில் வாங்குவது தப்பா?

சோளக்காட்டுக்காரன்
அக்கா, மனதைக் கஷ்டப்படுத்திக்கொள்ள வேண்டாம். விற்பவர்களில் என் சொந்தக்காரர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு அது அன்றாடச் சோறு. 2006 வன உரிமைச் சட்டம் சிறு வனப்பொருள் என்று சொல்லும்போது மூலிகை, வேர், கிழங்கு எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சொல்கிறது. காட்டில் வாழ்கிறவர்கள் எடுக்கும் உரிமை அது. அதனால் எங்களைத் திருடர்கள் போலப் பேசினால் எனக்குக் கோபம் வரும். ஆனால் வெளியூரிலிருந்து வண்டியோடு வந்து மொத்தமாகக் கேட்பவர்களுக்காக நுனியோடு உரிப்பது உரிமை ஆகாது. வாங்கும்போது துண்டைத் திருப்பிப் பாருங்கள். ஒரு முனையில் வெளிர் நிறத்தில் புதுச் செதில் மூடிய மழுங்கிய நுனி இருந்தால் அது பிள்ளையோடு பிடுங்கியது. வேண்டாம் என்று சொல்லுங்கள். நாலு பேர் சொன்னால் எடுக்கிறவர் காதுக்குப் போகும்.

பாறைப்பாசி
உடம்புப் பக்கத்திலிருந்தும் ஒரு வார்த்தை. சூப் குடியுங்கள், ஆனால் மூட்டு வலிக்கு மருத்துவர் கொடுத்ததை நிறுத்திவிட்டு இதை மட்டும் நம்ப வேண்டாம். பெரணிதானே என்று நீங்களாகக் காட்டில் எதையாவது பிடுங்கவும் வேண்டாம். மலைச்சரிவுகளில் அடர்ந்து வளரும் டெரிடியம் என்ற பெரணியில் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் இருக்கிறது.

மாடித்தோட்டம்
வளர்க்க முடியுமா என்று யாரும் கேட்கவில்லையே. முடியும், நான் வளர்க்கிறேன். கடையில் வாங்கிய குவியலில் ஒரு துண்டில் அண்ணன் சொன்ன மாதிரி நுனி இருந்தது. முதல் தடவை கிழங்கு என்ற பெயரை நம்பித் தொட்டி மண்ணுக்குள் புதைத்தேன். மூன்று வாரத்தில் அழுகிவிட்டது. பெயரால் வந்த தவறு அது. இரண்டாம் தடவை தேங்காய் மட்டையின் மேல் வைத்துச் சணல் கயிற்றால் கட்டினேன். தண்டு வெளியே தெரிய வேண்டும், அடிப்பக்கம் மட்டும் நாரைத் தொட வேண்டும். தினமும் தண்ணீர் தெளித்தேன், நேர் வெயில் படாத இடம். இரண்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை.

அப்புறம் ஒரு காலை நுனியில் ஒரு பச்சைச் சுருள், குழந்தையின் மூடிய விரல் மாதிரி. வந்தது கூடை இலை. பத்து நாள் பச்சையாக நின்று, மெல்ல நிறம் மாறியது. நானே பார்க்காமல் இருந்திருந்தால் காய்ந்துவிட்டது என்று வெட்டி எறிந்திருப்பேன். இப்போது பச்சை இலைகள் நான்கு இருக்கின்றன. அதில் எறும்புகள் ஏறி இறங்குகின்றன. பூவே இல்லாத செடியில் எறும்புக்கு என்ன வேலை என்று தெரியவில்லை ஐயா.

பாறைப்பாசி
இலையில் சின்னத் தேன்சுரப்பிகள் இருக்கின்றன. பூ இல்லாவிட்டாலும் தேன் உண்டு. எறும்புகளை விரட்டாதீர்கள். பச்சை இலையின் அடியில் பழுப்புப் புள்ளிகள் வரிசையாக வந்தால் ஒரு வெள்ளைத் தாளை அடியில் வைத்துப் பாருங்கள், துகள் கொட்டும்.

சோளக்காட்டுக்காரன்
தம்பி, தேங்காய் மட்டையில் வருமென்றால் இங்கே மரத்திலும் வரும். எனக்கு இது தோன்றாமல் போயிற்றே. அத்தையிடம் இன்று பேசினேன். விற்காமல் ஒதுக்கிய நுனித் துண்டுகள் அவரிடம் ஒரு சாக்கில் கிடக்கின்றன. அந்தப் பழுப்பு இலைக்கு ஏதாவது பெயர் உண்டா என்றும் கேட்டேன், நன்னூல் வாசகி அம்மாவுக்காக. "அது சருகுதானே, அதுக்கு எதுக்குப் பேரு" என்றார். கூடை என்று இங்கே எழுதியிருப்பதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஆமா, குப்பை சேர்க்கும், அதுல வேரு ஓடும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அந்தச் சாக்கை எடுத்துக்கொண்டு பலாமரத்துக்குப் போகிறேன். சணல் போதுமா, வேறு ஏதாவது கட்ட வேண்டுமா?

மாடித்தோட்டம்
சணல் போதும் அண்ணா. அது மக்கிப் போவதற்குள் வேர் பட்டையைப் பிடித்துவிடும். கவட்டையில், மழைத்தண்ணீர் வழிகிற பக்கமாக, நுனி மேல் நோக்கி இருக்கும்படி கட்டுங்கள். மழை தொடங்குவதற்கு முன்னால் கட்டிவிட்டால் நல்லது.